புதுப்பிப்புக்கு யார் பொறுப்பு?

ராயபுரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் தட்டச்சு, நகலெடுப்புக் கடை நடத்துகிறார். கல்லூரியில் பொருளியல் படித்தவர். சில காலம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான மீனவக் குடும்பங்கள் பலவற்றின் விண்ணப்பங்கள் அவர் கடைக் கணினியில்தான் உருவாகின்றன. படகுப் பதிவு, டீசல் மானியம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், முதியோர் உதவித்தொகை என எதற்கு மனு எழுத வேண்டுமானாலும் மக்கள் அவரிடம் வருகிறார்கள்.

அவரிடம் பதினைந்து ஆண்டுக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. இன்று இணையவழி விண்ணப்பங்களுக்கு ஒருங்குறி எழுத்து தேவைப்படுகிறது. ஆகவே, பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் ஒரு சிறு மென்பொருளைத் தம் கணினியின் உரைத்தொகுப்பியில் இணைத்துக்கொண்டார். விலையில்லாமல் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையுமின்றி உழைத்தது.

ஒருநாள் அந்த மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதுவரை, தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் அது மாற்றும். புதிய பதிப்போ கோப்பு முழுவதையும் மாற்றியது. விண்ணப்பங்களின் அடியில் ஆங்கில எழுத்துகளில் இருந்த வங்கிக் கிளைக் குறியீடும் படகுப் பதிவு எண்ணும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாயின. மேலே இருந்த மனு சரியாக இருந்ததால் எவரும் அடிப்பகுதியைக் கவனிக்கவில்லை. 40-க்கும் மேற்பட்ட மனுக்கள் திரும்பி வந்த பிறகே பிழை தெரிந்தது.

"சார், நான் எதையும் தொடலை. நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்தது" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவர் எதையும் தொடவில்லை. வேறு எங்கோ இருந்த ஒருவர் தொட்டிருந்தார். அவரும் தீய நோக்கம் கொண்டவர் அல்லர். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி அந்த மென்பொருளை எழுதிய இளைஞர் அவர். வேலை மாறியபின் மடல்களுக்கு விடையளிப்பதையும் நிறுத்திவிட்டார். ஆக, இழப்பு நேர்ந்துவிட்டது. குற்றவாளி என்று எவருமில்லை. பொருளியல் படித்த எனக்கு இந்த நிலைமை ஆர்வமூட்டியது. வடசென்னைக்காரன் என்ற முறையில் கவலையும் அளித்தது.

நீட்சி என்பது என்ன?

கணினியில் எழுத்தை மட்டும் கையாளும் எளிய கருவியே டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் உரைத்தொகுப்பி. நிரலாளர்கள் நாள் முழுவதும் இதில்தான் பணிபுரிகிறார்கள். இக்கருவியின் திறனைக் கூட்டுவதற்காக வெளியாள்கள் எழுதிச் சேர்க்கும் சிறு மென்பொருள்களைப் பிளக்இன், எக்ஸ்டென்ஷன் என்றெல்லாம் அழைக்கிறோம். தமிழில் நீட்சி, செருகுநிரல் என்ற சொற்கள் வழக்கில் உள்ளன.

நீட்சிகளைப் பகிரும் வழக்கம் பழையது. 1976-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி உருவானபோது, அதைப் பெறுவோர் தாங்கள் செய்யும் மேம்பாடுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் விதித்த நிபந்தனை. பணத்துக்குப் பதிலாக உழைப்பைச் சந்தாவாகக் கேட்ட ஏற்பாடு அது. 1991-இல் நெதர்லாந்தின் பிராம் மூலனார் விம் என்ற தொகுப்பியை வெளியிட்டார். அதற்கும் ஆயிரக்கணக்கான நீட்சிகள் எழுதப்பட்டன. பயனர் தாமே கோப்பைத் தரவிறக்கி, உரிய உறையில் வைக்க வேண்டும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அறிய, தாமே மீண்டும் சென்று பார்க்க வேண்டும்.

இந்தத் தொல்லையைப் போக்கக் களஞ்சியங்கள் தோன்றின. 2012-இல் வெளிவந்த ஈமேக்ஸ் 24 பதிப்பிலேயே நீட்சிகளைத் தேடி நிறுவும் வசதி உள்ளிணைக்கப்பட்டது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் ஒரு படி மேலே சென்று, நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது.

வசதி பெருகியது, உடன் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. முன்பு பயனர் போய்ப் பொருளை எடுத்துவந்தார். இன்று பொருள் அவர் உறங்கும்போது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உரைத்தொகுப்பியின் நீட்சி, பெரும்பாலும் அத்தொகுப்பிக்கு உள்ள உரிமைகள் அனைத்தையும் பெற்றுவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கோப்புகளைப் படிக்கலாம், மாற்றலாம், இணையம் வழியே வெளியே அனுப்பலாம். ராயபுரம் கடைக் கணினியில் இருப்பவையோ நூற்றுக்கணக்கான மீனவர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும்.

இரவல் கருவிகளில் வளர்ந்த கணித்தமிழ்

நிரலாளர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது என்று ஒதுக்கிவிட முடியாது. கணினியில் தமிழ் எழுதியதே பல்லாண்டுகள் இத்தகைய கூடுதல் மென்பொருள்களின் தயவில்தான். கணினியோடு வந்தது ஆங்கிலம். தமிழை நாமே செருகிக்கொண்டோம். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல், பின்னர் வந்த இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் ஆகியவை எல்லாம் இயங்குதளத்தின் மேல் பூட்டப்பட்ட கருவிகள். அவற்றுள் பல, தனிமனிதர்களின் ஆர்வத்திலும் சிறு குழுக்களின் உழைப்பிலும் உருவானவை.

ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. திரையில் தெரிவது தமிழ். கணினி சேமித்துவைப்பதோ ஆங்கில எழுத்துகளின் எண்களை. எழுத்துரு என்பது அவற்றின் மேல் போர்த்திய தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். என் மாணவரின் நீட்சி தடுமாறியதும் இங்கேதான். எது முகமூடி அணிந்த தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்பதை எழுத்துகளைக் கொண்டு மட்டும் அதனால் பிரித்தறிய இயலவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அதன் பயனாக வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தேஸ்16 குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. தரம் வகுத்தோம், ஆனால் அத்தரத்தைச் செயல்படுத்தும் சிறு கருவிகளை யார் காப்பது, எழுதியவர் விலகினால் யார் தொடர்வது என்ற கேள்விகளை நாம் போதிய அளவு எழுப்பவில்லை.

இதற்கு ஒரு நல்ல விடையும் நம்மிடையே உண்டு. இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற வெளிநாட்டு மென்பொருளைச் சார்ந்திருந்தன. பின்னர் அது திறந்த மூலநிரலாக மாற்றி எழுதப்பட்டது. கீமேனையும் 2015-இல் எஸ்ஐஎல் என்னும் மொழியியல் நிறுவனம் வாங்கி, பிறகு கட்டற்ற மென்பொருளாக்கியது. மூலநிரல் திறந்திருந்தால் ஒருவர் விலகினாலும் மற்றொருவர் தொடர வழியுண்டு.

துறைமுகம் கற்றுத்தரும் பாடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பகிர்வு, புதுப்பிப்பு ஆகியவற்றை எனக்கு எளிதில் விளக்குவது அந்தச் சரக்குப் பெட்டகங்களே.

சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையும் முன் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அலைகளைக் கடந்து சரக்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தன. நனைவதும் தொலைவதும் வழக்கம். எந்த மூட்டை எங்கே கெட்டது என்று கண்டறிவது கடினம். 1956 ஏப்ரல் 26-இல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களுடன் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் புறப்பட்டபோது உலக வணிகம் மாறத் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் வந்தது.

பெட்டகத்தின் வெற்றிக்கு இரும்புச் சுவர் மட்டும் காரணமன்று. உலகெங்கும் ஒரே அளவு. உள்ளே இருப்பதைக் கூறும் ஆவணம். இடையில் எவரும் திறக்கவில்லை என்பதற்கு எண்ணிட்ட முத்திரை. பெட்டகத்துக்கும் சரக்குக்கும் பொறுப்பேற்கும் பெயர்கள். இவை இருப்பதால்தான் அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பியதை அறிமுகமில்லாத மற்றொருவர் நம்பிப் பெற்றுக்கொள்கிறார்.

பொறுப்பேற்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் பகுதி கண்டிருக்கிறது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மணலியில் உள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் அதே வேதிப்பொருள் 37 பெட்டகங்களில் ஏறத்தாழ 700 டன் அளவுக்கு 2015 முதல் தேங்கிக்கிடப்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது. சுங்கத் துறை பறிமுதல் செய்த அச்சரக்கு, அதன்பின் விரைந்து அகற்றப்பட்டது. ஐந்து ஆண்டுகள் அது எவரையும் துன்புறுத்தவில்லை. அதனாலேயே எவர் நினைவிலும் இல்லை. எழுதியவர் கைவிட்ட நீட்சிகள் நம் கணினிகளில் கிடப்பதும் இவ்வாறே.

நம்பிக்கை என்னும் பண்டம்

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல பொருளுக்கு உரிய மதிப்புக் கிடைக்காது. மட்டமானவை சந்தையை நிரப்பும். நீட்சிகளின் நிலை இதனினும் சிக்கலானது. நிறுவும் நாளில் நல்லதாக இருந்தது, அடுத்த புதுப்பிப்பில் வேறொன்றாக மாறிவிடலாம்.

2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நிரல் நூலகத்துக்கு இதுவே நேர்ந்தது. பலரும் பயன்படுத்திய அந்நூலகத்தை எழுதியவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. உதவுவதாக வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் மின்பணப் பைகளைத் திருடும் நிரலைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்-இசட் விவகாரம் இன்னும் ஆழமானது. ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகளைச் செய்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் உலகின் சர்வர்களைத் திறக்கக்கூடிய கள்ளச்சாவியை உள்ளே வைத்தார். கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது பிடிபட்டது.

இவை இரண்டும் நிரல் நூலகங்கள். உரைத்தொகுப்பிகளின் உலகிலும் இந்த ஆபத்து உணரப்பட்டிருக்கிறது. ஈமேக்ஸின் மெல்பா களஞ்சியம், எவரும் திருத்தக்கூடிய விக்கிப் பக்கங்களிலிருந்தும் ஒரு காலத்தில் நீட்சிகளை எடுத்து வழங்கியது. யாரோ ஒருவர் பக்கத்தில் சேர்க்கும் வரி, பயனர் கணினியில் இயங்கிவிடும் என்பதை உணர்ந்து அவ்வழியைப் பின்னர் அடைத்துவிட்டது.

தீமை இல்லாமலும் இடர் வரலாம். 2016 மார்ச் 22-இல் பெயர் தொடர்பான ஒரு பிணக்கில் மனம் கசந்த நிரலாளர், லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் உருவாக்கம் சில மணி நேரம் தடைப்பட்டது. 11 வரியின் மேல் அத்தனை கட்டடங்கள் எழும்பியிருப்பது அதுவரை கவனத்துக்கு வரவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு புதுப்பிப்புடனும் எளிய விளக்கம் ஒன்று வர வேண்டும். எது மாறியது, எது நீங்கியது, பழைய கோப்புகளுக்கு என்ன ஆகும் என்பவை தமிழ்க் கருவிகளுக்குத் தமிழில் இருக்க வேண்டும். 'சில பிழைகள் களையப்பட்டன' என்ற ஒற்றை வரி எவருக்கும் உதவாது.

இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தத்தையும் வசதி மாற்றத்தையும் பிரித்து அனுப்ப வேண்டும். முன்னது உடனே வரட்டும். பின்னது சில நாள்கள் காத்திருந்து, பயனரின் ஒப்புதலுடன் வரட்டும். டெபியன் லினக்ஸில் புதிய பொதி முதலில் ஒரு தளத்தில் சில நாள்கள் தங்கி, பெரும்பிழை இல்லையென்றால் மட்டுமே அடுத்த தளத்துக்கு நகர்கிறது. காத்திருப்பும் ஒரு வகைச் சோதனையே.

மூன்றாவது, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். என் மாணவரின் தொகுப்பியில் அவ்வசதி இருந்தது. ஆங்கிலத்தில், பட்டியலுக்குள் பட்டியலாக ஒளிந்திருந்தது.

நான்காவது, முத்திரை. நீட்சி அதை எழுதியவரிடமிருந்தே வருகிறது என்பதற்கு மின்னணுக் கையொப்பமும், திறந்த மூலநிரலிலிருந்தே உருவாக்கப்பட்டது என்பதற்குச் சான்றும் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி கையொப்பமில்லாத நீட்சிகளை இப்போது ஏற்பதில்லை. 2024-இல் செர்ட்-இன் அமைப்பு, ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன உட்கூறுகள் உள்ளன என்ற பட்டியலை வழங்குவதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. துறைமுக மொழியில் கூறினால் அது சரக்குப் பட்டியல்தான்.

ஐந்தாவதும் முதன்மையானதும் வாரிசு. பராமரிக்க இயலாதவர் அதை வெளிப்படையாக அறிவிக்கவும், வேறொருவர் பலர் அறியப் பொறுப்பேற்கவும் ஒழுங்கு வேண்டும். டெபியனில் இதற்கென்றே நடைமுறை உண்டு. கைவிடப்பட்ட பொதிகள் 'அநாதை' என்று பட்டியலிடப்படுகின்றன, விரும்புவோர் தத்தெடுக்கலாம். 2023 ஆகஸ்ட் 3-இல் பிராம் மூலனார் காலமானபோது விம் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் உடனிருந்து பங்களித்த கிறிஸ்டியன் பிரபாண்ட் பொறுப்பேற்றார். ஒருவரின் மறைவையும் தாங்கும் வலிமை அந்தச் சமூகத்துக்கு இருந்தது.

இதற்கெல்லாம் செலவாகும். பயன் அனைவருக்கும், உழைப்பு ஒருவருக்கு என்ற பொதுப்பண்டச் சிக்கல் இது. சந்தை தானாகத் தீர்க்காது. ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கென ஒரு நிதியத்தைத் தொடங்கி, அடிப்படைத் திறந்தநிலை மென்பொருள்களைப் பராமரிப்போருக்குப் பணம் வழங்குகிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாட்டைச் சென்னையில் நடத்தினோம். புதிய கருவி உருவாக்குவோருக்குப் பரிசளிப்பதோடு, பழைய கருவியைக் காப்போருக்கு ஊதியம் அளிக்கவும் முன்வர வேண்டும். தமிழ் எழுதுகருவிகளுக்கும் நீட்சிகளுக்கும் ஒரு பொதுக் களஞ்சியம் அமைத்து, சில பொறியாளர்களை நிரந்தரமாக அமர்த்துவது அரசுக்குப் பெருஞ்செலவாகாது.

கட்டுப்பாடுகள் பெருகினால் தன்னார்வலர்கள் ஓடிவிடுவார்களே என்ற மறுப்பு எழும். அது நியாயமானது. உரிமம் வாங்கவே தொழிற்சாலைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த 1991-க்கு முந்தைய காலத்தை நான் வகுப்பறையில் பாடமாக நடத்தியிருக்கிறேன். எவரும் எழுதலாம், எவரும் பகிரலாம் என்ற உரிமையில் கைவைக்கக் கூடாது. நான் கேட்பது வாயிலில் காவலரை அன்று; பெட்டகத்தின் மேல் சீட்டை. சரிபார்க்கும் சுமையையும் எழுதுபவர் மேல் ஏற்றாமல் களஞ்சியம் ஏற்க வேண்டும். பொதுவளங்களைச் சமூகங்கள் தாமே வகுத்த விதிகளால் காக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

என் மாணவர் அந்த 40 மனுக்களையும் மூன்று இரவுகள் விழித்திருந்து திருத்தினார். எவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. தாம் செய்யாத பிழைக்குத் தாமே பொறுப்பேற்றார். இப்போது தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைத்திருக்கிறார். அதுவும் ஆபத்தே, பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும் என்று அவரிடம் கூறினேன். "அப்போ என்னதான் சார் பண்றது?" என்று கேட்டார். புதுப்பித்தாலும் அச்சம், புதுப்பிக்காவிட்டாலும் அச்சம் என்ற நிலையில் ஒரு சிறு கடைக்காரரை நிறுத்திவிட்டு, மின்னாளுகை பற்றி நாம் பெருமை பேசுவதில் பொருளில்லை. அவர் கேள்விக்கு விடையளிக்க வேண்டிய இடம் அவர் கடையன்று, கோட்டை.